பெரிய ஐடி சர்வீஸ் கம்பெனியா, கோவையில் சின்ன கம்பெனியா? கொஞ்சம் சொல்லுங்களேன்

தாமிரபரணி26 எழுதியது:

வணக்கம். நெல்லைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இசிஇ கடைசி வருடம் படிக்கிறேன். கையில் இரண்டு ஆஃபர் இருக்கிறது. ஒன்று, எல்லாருக்கும் பெயர் தெரிந்த பெரிய ஐடி சர்வீஸ் கம்பெனி. வருடத்துக்கு 3.5 லட்சம். சேரும் தேதி பிறகு சொல்வார்களாம். இன்னொன்று கோவை சரவணம்பட்டியில் நாற்பது பேர் வேலை செய்யும் கம்பெனி. நூற்பாலைகளுக்கு சாஃப்ட்வேர் செய்து விற்கிறார்கள். 4.2 லட்சம், ஜூனிலேயே வரச் சொல்கிறார்கள், ஆனால் இரண்டு வருட பாண்டு (நடுவில் விட்டால் பணம் கட்டும் ஒப்பந்தம்). அப்பா பெரிய கம்பெனிதான் என்கிறார். மாமா, "அங்கே போனால் ப்ராஜெக்ட் கொடுக்காமல் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவான்" என்கிறார். கல்விக்கடன் வேறு இருக்கிறது. பெரிய கம்பெனியில் நிஜமாகவே என்ன நல்லது, என்ன கெட்டது? உள்ளே இருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓஎம்ஆர் பழசு எழுதியது:

தம்பி, முதலில் சம்பளக் கணக்கு. 3.5 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து 29 ஆயிரம் என்று வீட்டில் சொல்லிவிடாதே. கம்பெனி கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை), இன்சூரன்ஸ், வேரியபிள் (கூடிக் குறையும் சம்பளப் பகுதி) எல்லாம் அதற்குள்ளேதான் இருக்கிறது. அப்புறம் உன் பங்கு பிஎஃப், தொழில் வரி. கையில் 23, 24 ஆயிரம் நின்றால் சரி. இந்த ஆஃபர் தொகை ஒரு தலைமுறையாக அசையவே இல்லை. 2010 வாக்கில் நாங்கள் சேர்ந்தபோதே மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது. சோழிங்கநல்லூர் வாடகைக்கு மட்டும் அந்தப் பொறுமை இல்லை.

இருந்தாலும் போகத்தான் சொல்வேன். இசிஇ, மெக்கானிக்கல், சிவில் படித்தவனைக் கூப்பிட்டு, சம்பளமும் கொடுத்து, கோடிங்கும் சொல்லிக்கொடுக்க வேறு யார் இருக்கிறார்கள்? இன்ஃபோசிஸுக்கு மைசூரில் ஒரு ஊரையே கட்டி வைத்திருக்கிறார்கள், டிசிஎஸ்ஸுக்குத் திருவனந்தபுரம். நாலு மாநிலத்துப் பிள்ளைகளோடு ஒரே ஹாஸ்டலில் கிடந்து, ஒரே லேபில் திட்டு வாங்கி, ஆங்கிலத்தில் வாய் திறக்கும் கூச்சம் அங்கேதான் போகும். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கோடிங்கைவிட அது பெரிய லாபம்.

அடுத்தது மெடிக்ளெய்ம். அப்பா அம்மாவுக்குத் தனியாகப் பாலிசி எடுக்கப் போனால் சர்க்கரை இருக்கிறது, பிரஷர் இருக்கிறது என்று இழுத்தடிப்பார்கள். கம்பெனி குரூப் பாலிசியில் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துவிடலாம், பெரும்பாலும் அந்தக் கேள்விகள் வராது. மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும். கடன் இருக்கிறவனுக்கு இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை.

மில்கேட் எழுதியது:

மேலே சொன்ன அண்ணன் சொன்னது சரிதான், ஆனால் 2010 கண்ணோடு பார்க்கிறார்.

நான் சர்வீஸ் கம்பெனியில் நாலு வருடம் இருந்துவிட்டு கோவைக்கு வந்தவன். அங்கே நான் எழுதிய கோடு யாருக்குப் போகிறது என்றே தெரியாது. ஒரு ஐரோப்பிய வங்கியின் ஏதோ ஒரு திரையில் ஏதோ ஒரு பட்டன். அதை மாற்ற மூன்று அப்ரூவல், இரண்டு எக்செல் ஷீட், ஒரு சேஞ்ச் ரெக்வெஸ்ட். இங்கே திங்கட்கிழமை ஒரு மில்லில் சூப்பர்வைசர் போன் போட்டு, "தம்பி, ஷிஃப்ட் மாறும்போது ஸ்பிண்டில் கணக்கு ரெண்டு தடவை ஏறுது" என்பார். புதன்கிழமைக்குள் சரிசெய்து அவர் கம்ப்யூட்டரில் போட்டுவிடுவேன். முதல் வருடத்திலேயே டேட்டாபேஸ், சர்வர், நெட்வொர்க், வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குவது, எல்லாம் வந்துவிடும்.

குறையும் இருக்கிறது, மறைக்கவில்லை. பஞ்சு விலை ஏறி மில்கள் ஷிஃப்டைக் குறைத்தால் எங்களுக்கும் பில் வராது. சம்பளம் பத்துத் தேதிக்குத் தள்ளிப்போன மாதங்கள் உண்டு. சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறாரா என்பது அந்த ஒரு சீனியரைப் பொறுத்தது. அவர் போய்விட்டால் கூகுள்தான் குரு.

பாண்டு விஷயம் கவனம். பாண்டு என்றாலே செல்லாது என்று கல்லூரியில் சொல்வார்கள், நம்பாதே. 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் போனால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொகை எவ்வளவு, எதற்காகக் கேட்கிறார்கள் என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு.

சாம்பார் சாதம் எழுதியது:

இதுவரை ஒருத்தரும் கேண்டீனைப் பற்றிப் பேசவில்லை. உங்களை எல்லாம் நம்பி எப்படி வேலைக்குச் சேர்வது?

டெலிவரி மாஜி எழுதியது:

பெரிய கம்பெனியைப் புரிந்துகொள்ள ஒரே வழி பில்லிங். அது புரிந்துவிட்டால் பெஞ்ச், ரேட்டிங், ஹைக் (சம்பள உயர்வு), ஆட்குறைப்பு எல்லாமே புரிந்துவிடும்.

கிளையண்ட் உன் தலைக்கு மணிக்கு 20 டாலர் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள். மாதம் 160 மணி நேரம், 3,200 டாலர். ஒரு டாலர் 85 ரூபாய் என்று போட்டாலே 2.7 லட்சத்தைத் தாண்டும். உனக்குக் கிடைப்பது 24 ஆயிரம். உடனே கோபம் வரும். ஆனால் உன் டீமில் பத்து வருட அனுபவக்காரருக்கும் ஏறக்குறைய அதே ரேட்தான் போகிறது, அவர் சம்பளம் உன்னைப்போல ஐந்து ஆறு மடங்கு. பெஞ்சில் இருப்பவர், ட்ரெய்னிங்கில் இருப்பவர், பஸ், கட்டடம், நியூஜெர்சியில் கோட் போட்டுக்கொண்டு விற்கிறவர், எல்லாருக்கும் இதிலிருந்துதான். எல்லாம் போக டிசிஎஸ் போன்ற கம்பெனிக்கு நூற்றுக்கு 24 ரூபாயை ஒட்டி நிற்கிறது. அந்த 24 நிற்பதற்குக் கீழே உன்னைப் போன்ற ஃப்ரெஷர்கள் நிறைய வேண்டும், மேலே ஆள் குறைவாக வேண்டும். ஆகவே உள்ளே நுழைவது சுலபம். பதினைந்தாவது வருடத்தில் இருப்பவருக்குத்தான் தூக்கம் வராது. 2025 ஜூலையில் டிசிஎஸ் 2 சதவீதம், அதாவது 12 ஆயிரம் பேருக்கு மேல் குறைப்பதாக அறிவித்தபோது முக்கியமாக அடிபட்டது நடுமட்டமும் மேல்மட்டமும்.

தம்பியின் மாமா பெஞ்சைச் சொல்லிப் பயமுறுத்துகிறார். முன்பெல்லாம் பெஞ்ச் என்றால் காபி, கேரம், காலை பதினொரு மணிக்கு ஆபீஸ். அந்தக் காலம் முடிந்தது. 2025 ஜூனில் டிசிஎஸ் ஒரு விதி கொண்டுவந்தது: வருடத்தில் 225 நாள் பில்லிங்கில் இருக்க வேண்டும், 35 நாளுக்கு மேல் பெஞ்சில் இருக்கக் கூடாது. எழுதிப் போட்டது அவர்கள். எழுதாமல் நடத்துகிறவர்களும் உண்டு.

பெஞ்சில் இருக்கும்போது, ஆட்களை ப்ராஜெக்ட்டுக்கு ஒதுக்கும் ஆர்எம்ஜியிலிருந்து போன் வரும். "புனேயில் ஓப்பனிங் இருக்கிறது, டெஸ்டிங், நைட் ஷிஃப்ட், நாளைக்குக் கிளையண்ட் இன்டர்வியூ, ஓகேவா?" என்பார்கள். நான் ஜாவா என்று சொன்னால், "ஜாவா தெரிந்தால் டெஸ்டிங் ஈஸி" என்று பதில் வரும். இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், மூன்றாவது மெயிலில் ஹெச்ஆர் பெயர் சிசியில் இருக்கும். இந்தப் போனில் நீ என்ன சொல்கிறாய் என்பதுதான் உன் அடுத்த மூன்று வருடம். கம்பெனி நல்லதா கெட்டதா என்று இங்கே எல்லாரும் பேசுகிறார்கள். லட்சக்கணக்கான பேர் இருக்கும் இடத்தில் அப்படி ஒரு கம்பெனியே கிடையாது. எந்த அக்கவுண்ட் (கிளையண்ட்), எந்த மேனேஜர், எந்த ஸ்கில், அவ்வளவுதான்.

ராத்திரி பேட்ச் எழுதியது:

மாஜி சொன்னதில் கடைசி வரிக்கு நான் சாட்சி. மெயின்ஃப்ரேம் என்ற பழைய பாணிப் பெரிய கம்ப்யூட்டரில் சப்போர்ட் வேலை. சேரும்போது அழாத குறை. கூட வந்தவர்களுக்கு ஜாவா, கிளவுட், எனக்கு எங்கப்பா வயசுள்ள கோபால் (COBOL) மொழி ப்ரோக்ராம்.

அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனி. அவர்களுக்கு இரவு பத்து மணி, நமக்குக் காலை ஏழரை. அன்றைய பிரீமியம், க்ளெய்ம் எல்லாம் நூற்றுக்கணக்கான ஜாப்களாக வரிசையில் ஓடும். நடுவில் ஒன்று எஸ்0சி7 என்ற பிழையோடு விழும். எண் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ வெற்றிடம் விட்டிருப்பார்கள், கோபால் அதைக் கூட்டப் போய் மண்டையைப் போடும். டம்ப்பை (விழுந்த நேரத்துப் பதிவை) திறந்து, லட்சம் ரெக்கார்டில் அந்த ஒன்றைப் பிடித்து, ஒதுக்கி வைத்துவிட்டு, ஜாபை விட்ட இடத்திலிருந்து ஓடவிட வேண்டும். அங்கே விடிவதற்குள் முடியாவிட்டால் எஸ்எல்ஏ (கிளையண்ட்டுக்குக் கொடுத்த நேர வாக்குறுதி) போச்சு. கான்ஃபரன்ஸ் காலில் இருபது பேர் பேசாமல் காத்திருப்பார்கள், அவர்கள் மூச்சு விடுவது கேட்கும்.

வேலை போரடிக்கும்தான். ஆனால் ஒரு க்ளெய்ம் எப்படி வருகிறது, எங்கே நிற்கிறது, ஏன் நிராகரிக்கப்படுகிறது என்று எங்கள் கிளையண்ட் ஆட்களுக்கே தெரியாததெல்லாம் எனக்குத் தெரியும். அதை வைத்துத்தான் இப்போது ஒரு வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனி சென்னையில் நடத்தும் சொந்த ஆபீஸில் (ஜிசிசி) பிசினஸ் அனலிஸ்ட்டாக இருக்கிறேன். என்னோடு இருந்த இரண்டு பேர் டிக்கெட் (பிரச்சனைப் பதிவு) மூடுவதோடு நிறுத்திக்கொண்டார்கள், இன்னும் அதே டிக்கெட்டை மூடுகிறார்கள். சப்போர்ட்டில் போட்டால் பயப்படாதே, ஆனால் அங்கேயே குடியிருக்காதே.

இரண்டு ஷிஃப்ட் எழுதியது:

பெண்கள் யாரும் இன்னும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன்.

பெரிய கம்பெனியின் நல்லதைச் சொல்வதென்றால், சட்டம் காகிதத்தில் மட்டும் இருக்காது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரப் பேறுகால விடுப்பு என்பது, பத்துப் பேராவது வேலை செய்யும் எல்லாக் கம்பெனிக்கும் 2017 திருத்தத்திலிருந்து சட்டம்தான். ஆனால் சின்ன கம்பெனியில் இருந்த என் தோழிக்கு, "நீங்களே முடிவு பண்ணிக்கோங்க" என்றார்களாம். எனக்கு ஒரு கேள்வியும் இல்லாமல் சம்பளத்தோடு வந்தது. இரவில் கேப், கூட ஒரு செக்யூரிட்டி, புகார் சொல்ல உள்ளே ஒரு கமிட்டி. இதெல்லாம் பெரிய இடத்தில்தான் பழக்கமாக இருக்கிறது.

கெட்டதும் அங்கேதான் தொடங்கியது. திரும்பி வந்தபோது என் இடத்தில் வேறு ஆள். பெஞ்ச். அந்த வருட ரேட்டிங்கில், "ஆறு மாதம்தானே வேலை பார்த்தீங்க" என்று நடுவில் போட்டார்கள். பத்துப் பேர் டீமில் யாருக்காவது கீழ் ரேட்டிங் கொடுத்தே ஆக வேண்டும், கண்ணெதிரே இல்லாதவளுக்குக் கொடுப்பது மேனேஜருக்கு வசதி. அடுத்த இரண்டு வருட ஹைக்கும் ப்ரொமோஷனும் அந்த ஒரு ரேட்டிங்கில் மாட்டிக்கொண்டது. நேரடியாக யாரும் தப்பு செய்யவில்லை, எல்லாரும் ப்ராசஸ்படிதான் நடந்தார்கள். அதுதான் இன்னும் எரிச்சல்.

இன்னொன்று, அமெரிக்க கிளையண்ட் கால் இரவு எட்டு மணிக்கு. குழந்தைக்குச் சோறு ஊட்டும் நேரமும் அதுதான். தம்பிக்கு இது இப்போது புரியாது, பரவாயில்லை. 2023 அக்டோபரில் நாராயண மூர்த்தி வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கச் சொன்னபோது எங்கள் டீம் வாட்ஸப்பில் வந்த முதல் கேள்வி, "சமையலைச் சேர்த்தா, சேர்க்காமலா?"

சாம்பார் சாதம் எழுதியது:

அக்கா, சமையலைச் சேர்த்தால் நீங்கள் போன ஜென்மத்துக்கும் சேர்த்து வேலை பார்த்துவிட்டீர்கள்.

டல்லாஸ் ரிட்டர்ன் எழுதியது:

ஆன்சைட்டைப் பற்றி, அதாவது கிளையண்ட் நாட்டுக்கே போய் வேலை பார்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளிக்கரணையில் நான் இருக்கும் அபார்ட்மெண்ட்டில் பாதி வீடுகள் ஆன்சைட் காசில் வாங்கியவை, என்னுடையதும் அப்படித்தான். உள்ளூர் சம்பளத்தில் இருபது வருடம் ஆகியிருக்கும். ஒரு காலத்தில் சர்வீஸ் கம்பெனியில் சேர இதுவே பெரிய காரணம், பெண் கொடுப்பவர்களும் முதலில் கேட்டது இதைத்தான். இப்போது இதை நம்பிச் சேர வேண்டாம். 2025 செப்டம்பரில் புதிதாக விண்ணப்பிக்கும் ஹெச்1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் என்று அமெரிக்கா அறிவித்த பிறகு, மூன்றரை லட்சம் ரூபாய் சம்பளக்காரனுக்காக அந்தப் பணத்தை யார் கட்டுவார்கள்? அங்கேயே உள்ளூர் ஆட்களை எடுப்பது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கிடைத்தால் யோகம், அவ்வளவுதான்.

செங்கொடி பிட் எழுதியது:

ஹைக், பெஞ்ச் எல்லாம் பேசுகிறீர்கள், கையெழுத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஐடியில் வேலையைவிட்டுத் தூக்க மாட்டார்கள், "நீங்களே ரிசைன் பண்ணிடுங்க" என்று ஒரு ரூமில் உட்காரவைத்துக் கேட்பார்கள். ரிலீவிங் லெட்டரில் கருப்புப் புள்ளி விழும் என்ற பயத்தில் எல்லாரும் போட்டுவிடுவார்கள். அந்த ரூமிலேயே போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. "மெயிலில் அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்து வரலாம். 2015 ஜனவரியில் ஒரு கர்ப்பிணி ஊழியர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்ப் பணிநீக்கத்துக்கு இடைக்காலத் தடை வாங்கினார். 2016-ல் தமிழ்நாடு அரசு, ஐடி ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம், தொழில் தகராறு சட்டம் அவர்களுக்கும் உண்டு என்று தெளிவுபடுத்தியது. பெரிய கம்பெனியாக இருந்தால் ஒரு நன்மை, நூறு பேருக்கு ஒரே பிரச்சனை வரும், சேர்ந்து கேட்கலாம்.

கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடம். கணக்கு இதுதான்: கடைசி பேஸிக்கை 15-ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்கி, 26-ஆல் வகுக்க வேண்டும். பேஸிக் 30 ஆயிரம் என்றால் ஐந்து வருடத்துக்கு 86,500 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். நாலே முக்கால் வருடத்தில் ஆவேசப்பட்டுப் பேப்பர் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். நாலு வருடத்தோடு ஐந்தாவது வருடத்தில் 240 நாள் இருந்தாலே கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. ஆனால் கம்பெனிகள் தானாகக் கொடுக்காது, கேட்டு வாங்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில், மொத்தச் சம்பளத்தில் பாதியாவது இந்தக் கணக்குக்குள் வர வேண்டும். பேஸிக்கைக் குறைத்துக் காட்டும் வித்தை இனிக் கஷ்டம். கம்பெனி மாறும்போது பிஎஃப்பை எடுத்துச் செலவழிக்காதே, புதுக் கம்பெனிக்கு மாற்று. ஐந்து வருடம் தொடர்ச்சி இல்லாமல் எடுத்தால் வரியும் உண்டு.

தாமிரபரணி26 எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவே இல்லை. ஒன்று சொல்ல விட்டுப்போனது. கோவைக் கம்பெனி பாண்டோடு பத்தாவது, பன்னிரண்டாவது ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் வாங்கி வைத்துக்கொள்வார்களாம். இது வழக்கம்தானா?

மில்கேட் எழுதியது:

கொடுக்காதே. நான் அந்தப் பக்கம் வக்காலத்து வாங்கியவன், நானே சொல்கிறேன். பாண்டுக்குத் தொகை எழுதிக்கொள்ளட்டும், அது ஒப்பந்தம். ஒரிஜினலை வாங்கி வைப்பது பிணைக்கைதி வேலை. எங்கள் ஆபீஸில் ஜெராக்ஸைப் பார்த்துவிட்டு ஒரிஜினலை அங்கேயே திருப்பிக் கொடுப்போம். "ஒரிஜினல் தர முடியாது, மற்றபடி சேரத் தயார்" என்று மெயில் போட்டுப் பார். என்ன சொல்கிறார்கள் என்பதிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

டெலிவரி மாஜி எழுதியது:

பெரிய கம்பெனிப் பக்கமும் ஒரு ஓட்டை இருக்கிறது, அந்த "சேரும் தேதி பிறகு". 2022-ல் ஆஃபர் வாங்கிய பேட்ச்களில் சிலர் இரண்டு வருடம் வரை காத்திருந்தார்கள், செய்தியாகவே வந்தது. ஆஃபர் லெட்டர் கையில் இருப்பதும் வேலையில் இருப்பதும் வேறு வேறு. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் பார். மெயில் வரவில்லை என்றால் அந்த ஆஃபர் இல்லை என்று வைத்துக்கொண்டு வேறு தேடு. வந்தால் அதிர்ஷ்டம்.

காத்திருக்கும் நேரத்தில் ஒரு வேலை செய். இதே கம்பெனிகளில் ஒரே கல்லூரி, ஒரே பேட்ச், ஒரே கேட் வழியாக 3.5-க்கும் 7-க்கும் ஆள் நுழைகிறார்கள். டிசிஎஸ்ஸில் நிஞ்சா, டிஜிட்டல், பிரைம் என்று படிகள். மற்ற இடங்களிலும் வேறு பெயரில் உண்டு. வித்தியாசம் ஒரு கோடிங் டெஸ்ட். சேர்ந்த பிறகும் உள்ளே எழுதி மேலே போகலாம். இப்போது கோட்டைவிட்டால் வருடாவருடம் ஒற்றை இலக்க ஹைக்கில் அந்த இடைவெளியை அடைக்கவே முடியாது. டேட்டாபேஸில் தகவல் எடுக்கும் எஸ்க்யூஎல் மொழியை நன்றாகப் படி. எந்த ப்ராஜெக்ட்டில் தூக்கிப் போட்டாலும் அது உதவும்.

ஓஎம்ஆர் பழசு எழுதியது:

மாஜி சொன்ன ஹைக் விஷயத்தில் ஒரு சின்னச் சேர்ப்பு. 2021-22-ல் ஊரே கம்பெனி மாறியது. இன்ஃபோசிஸில் ஆள் விலகல் 27.7 சதவீதம் வரை போனது. அப்போது மாறியவர்களுக்கு நாற்பது, ஐம்பது சதவீதம் ஏறியது. இருந்தவர்கள் விசுவாசத்துக்குக் கிடைத்தது ஒரு டீ-ஷர்ட். அந்த மார்க்கெட் இப்போது இல்லை. ஆனால் மூன்று வருடத்துக்கு ஒரு தடவையாவது வெளியே இன்டர்வியூ கொடுத்துப் பார்ப்பது நல்லது, போகாவிட்டாலும் உன் விலை என்ன என்று தெரியும். நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்பதை மட்டும் இப்போதே மனதில் வை. புதுக் கம்பெனி ஒரு மாதத்தில் வா என்பான், பழையவன் விட மாட்டான். பாதிப் பேருக்கு வந்த வாய்ப்பு கைநழுவுவது இதில்தான்.

தாமிரபரணி26 எழுதியது:

கோவையிலிருந்து பதில் வந்துவிட்டது. "கம்பெனி பாலிசி, ஒரிஜினல் இல்லாமல் சேர முடியாது" என்று ஒரே வரி. அப்பாவிடம் காட்டினேன், வேண்டாம் என்றுவிட்டார். பெரிய கம்பெனிக்கே சரி என்று அக்செப்ட் பண்ணிவிட்டேன். டிசம்பர் வரை தேதி வராவிட்டால் மில்கேட் அண்ணனைத் தொந்தரவு செய்வேன். சென்னையில் சிறுசேரி ஆபீஸ் என்றால் ரூம் நாவலூரில் பார்ப்பதா, கேளம்பாக்கத்திலா? நண்பன் இப்போதே அட்வான்ஸ் கொடுத்துப் பிடித்து வைக்கலாம் என்கிறான்.

மில்கேட் எழுதியது:

டிசம்பர் எல்லாம் வேண்டாம், செப்டம்பரிலேயே ரெஸ்யூமே அனுப்பு. எங்களிடம் இடம் இருக்குமா தெரியாது, தெரிந்த இடங்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.

ஓஎம்ஆர் பழசு எழுதியது:

அட்வான்ஸ் ஒரு பைசா கொடுக்காதே. ட்ரெய்னிங் எந்த ஊர் என்றே இன்னும் தெரியாது, அது முடிந்து போஸ்டிங் கொச்சியா, ஹைதராபாத்தா என்பதும் தெரியாது. சென்னைதான் என்று மெயில் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். வந்தால் கேளம்பாக்கம், வாடகை குறைவு. அலுவலக பஸ் எந்த ஸ்டாப்பில் நிற்கிறது என்று கேட்டுவிட்டு, அங்கிருந்து நடக்கிற தூரத்தில் எடு.